அரை அடிதானே என்று விடலாமா? நீளம், அகலம், பரப்பளவு: வாசகர் கேள்வி - பதில்

மனை, வயல், வீடு, தோல், பேனர் என்று வேலூர் வட்டாரத்திலிருந்து வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைச் சுற்றியே இருந்தன: பக்க அளவு கொஞ்சம் மாறினால் பரப்பளவு எவ்வளவு மாறும்? அவற்றை ஒன்றாகத் தொகுத்துப் பதில் சொல்கிறோம்.

சத்துவாச்சாரியில் ஒரு மனை பார்த்திருக்கிறோம். பத்திரத்தில் 'கிழமேல் ஜாதியடி 40, தென்வடல் ஜாதியடி 60, ஆக 2400 சதுரடி' என்று இருக்கிறது (கிழமேல் என்றால் கிழக்கு-மேற்கு, தென்வடல் என்றால் தெற்கு-வடக்கு, ஜாதியடி என்பது வழக்கமான அடிதான்). நாங்கள் அளந்தபோது 39½, 59½ தான் வருகிறது. 'அரை அடிதானே, அதில் என்ன போய்விடப் போகிறது' என்கிறார் விற்பவர். விட்டுவிடலாமா?
- வேலூர் வாசகி

விட வேண்டாம். 39½ × 59½ = 2350¼. கிட்டத்தட்ட 50 சதுரடி குறைகிறது. சதுரடி 2,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும் 99,500 ரூபாய்.

அரை அடி எப்படி 50 சதுரடி ஆகிறது? குறைவது ஒரு மூலையில் அல்ல, பக்கம் முழுக்க ஓடும் ஒரு பட்டை. 60 அடி நீளத்துக்கு அரை அடிப் பட்டை என்றால் 30 சதுரடி. 40 அடிக்கு அரை அடி என்றால் 20. இரண்டு பட்டையும் சேரும் மூலை இரண்டு முறை கணக்கில் வந்துவிட்டதால் கால் சதுரடியைக் கழித்தால் 49¾.

இதே மனையில் யாராவது ஓர் அடி விட்டுக்கொடுக்கச் சொன்னால், எந்தப் பக்கத்தில் என்று முதலில் கேளுங்கள். 60 அடிச் சுவரை ஓர் அடி உள்ளே தள்ளினால் 60 சதுரடி போகும். 40 அடிச் சுவரைத் தள்ளினால் 40தான் போகும்.

ஆனால் விற்பவரிடம் பேசுவதற்கு முன் உங்கள் டேப்பைச் சந்தேகியுங்கள். பழைய துணி டேப் இழுபட்டுப் போயிருக்கும். இழுபட்ட டேப்பில் கோடுகள் தள்ளித் தள்ளி இருப்பதால் 40 அடி இடத்தை 39½ என்று காட்டும். ஸ்டீல் டேப்பில் இன்னொரு முறை அளந்து பாருங்கள். சரிவான இடத்தில் தவறு வேறு விதமாக வரும். மனையின் பரப்பு எப்போதும் கிடைமட்ட அளவில்தான் கணக்கு. 60 அடிக்கு 6 அடி இறங்கும் சரிவில் டேப்பைத் தரையோடு போட்டால் 60 காட்டும். உண்மையான கிடைமட்ட அளவு 59.7 அடிதான். இறக்கத்துப் பக்கம் டேப்பைத் தூக்கிப் பிடித்து, தூக்குக்குண்டு விட்டு அளக்க வேண்டும்.

அடுத்ததாகக் குறுக்களவு. இதைப் பலர் செய்வதே இல்லை. நான்கு பக்கமும் சரியாக 40, 60, 40, 60 என்று இருந்தாலும் மனை சாய்ந்திருக்கலாம். மூலைகள் சரியாக இருந்தால் மூலைக்கு மூலை இரண்டு அளவுமே 72 அடி 1⅓ அங்குலம் வர வேண்டும். ஒன்று 80 அடியும் இன்னொன்று 63¼ அடியும் வந்தால் 60 அடிப் பக்கங்களில் ஒன்று 10 அடி நகர்ந்து நிற்கிறது என்று அர்த்தம். அப்போது பரப்பு 2324 சதுரடிதான். பக்கங்களில் ஓர் அங்குலம்கூடக் குறையாமலேயே 76 சதுரடி காணாமல் போயிருக்கும்.

பட்டாவோடு ஒப்பிட: 2400 சதுரடி என்பது 5.51 சென்ட், அதாவது 2.23 ஏர். ஓர் ஏர் 100 சதுர மீட்டர், அதாவது 1076.4 சதுரடி. பட்டாவில் இருப்பது இதைவிடக் குறைவென்றால் சர்வேயரை வைத்துப் புலப்படத்தோடு (அந்த நிலத்தின் சர்வே அளவு வரைபடம்) ஒத்துப் பார்த்த பிறகே முன்பணம் கொடுங்கள்.

நீளத்தை 10 சதவீதம் கூட்டி, அகலத்தை 10 சதவீதம் குறைத்தால் பரப்பளவு மாறாது என்று எழுதினேன். விடை 1 சதவீதம் குறையும் என்று போட்டிருக்கிறார்கள். எப்படி?
- டி.என்.பி.எஸ்.சி. தேர்வுக்குப் படிக்கும் மாணவர், காட்பாடி

60 × 40 என்ற மனையையே எடுத்துக்கொள்ளுங்கள். நீளத்தில் 6 அடி கூட்டினால் 6 × 40 = 240 சதுரடி சேர்கிறது. இப்போது அகலத்தில் 4 அடி வெட்டுகிறோம். வெட்டும்போது நீளம் 60 இல்லை, 66 ஆகிவிட்டது. எனவே போவது 4 × 66 = 264. நிகரமாக 24 குறைகிறது. 2400-ல் அது 1 சதவீதம். முதலில் அகலத்தைக் குறைத்துவிட்டுப் பிறகு நீளத்தைக் கூட்டினாலும் இதே 24தான்: 240 போகிறது, 216 வருகிறது.

தேர்வுக்கு வேகமாகப் போட: இரண்டு சதவீதத்தையும் குறியோடு கூட்டுங்கள், அவற்றின் பெருக்கலை 100-ஆல் வகுத்துச் சேருங்கள். +10, −10 என்றால் 0 − 1 = −1. +30, +10 என்றால் 40 + 3 = 43. பரப்பு மாறாமலே இருக்க வேண்டுமானால் 25 சதவீதம் கூட்டியதற்கு 20 சதவீதம்தான் குறைக்க வேண்டும்.

வினாத்தாளில் கால் வாருகிற இடம் ஒன்று உண்டு. 'சதவீதம்' என்பதற்குப் பதில் 'மீட்டர்' என்று கொடுத்திருப்பார்கள். 60 × 40-ல் நீளத்தில் 6 கூட்டி அகலத்தில் 6 குறைத்தால் 66 × 34 = 2244; 156 குறைகிறது. அதையே திருப்பி, நீளத்தில் 6 குறைத்து அகலத்தில் 6 கூட்டினால் 54 × 46 = 2484; 84 கூடுகிறது. சுற்றளவு மூன்றிலும் 200தான். சதுரத்தை நோக்கிப் போனால் பரப்பு கூடும், சதுரத்தை விட்டு விலகினால் குறையும்.

மனையின் நான்கு பக்கமும் வேறு வேறு அளவு: 50, 52, 30, 48 அடி. எதிரெதிர்ப் பக்கங்களைக் கூட்டிப் பாதியாக்கிப் பெருக்கி 2000 சதுரடி என்கிறார் தரகர். சரியா?
- கே.வி.குப்பம் வாசகர்

(50 + 30) ÷ 2 = 40, (52 + 48) ÷ 2 = 50, பெருக்கினால் 2000. இந்த வழக்கம் எல்லா ஊரிலும் இருக்கிறது. ஆனால் மனை சரியான செவ்வகமாக இல்லாவிட்டால் இந்த முறை எப்போதும் கூடுதலாகத்தான் காட்டும், ஒருபோதும் குறைத்துக் காட்டாது. எனவே நட்டம் எப்போதும் வாங்குபவருக்கே.

நான்கு பக்கத்தை மட்டும் வைத்துப் பரப்பைச் சொல்லவே முடியாது. ஐந்தாவதாக ஒரு குறுக்களவு வேண்டும். 50 அடிப் பக்கமும் 48 அடிப் பக்கமும் சேரும் மூலையிலிருந்து எதிர் மூலைக்கு அளங்கள். அது 56.6 அடி வந்தால், மனை இரண்டு முக்கோணம்: 50, 52, 56.6 ஒன்று, 30, 48, 56.6 இன்னொன்று.

ஒவ்வொன்றுக்கும் மூன்று பக்கத்தையும் கூட்டிப் பாதியாக்குங்கள். முதல் முக்கோணத்துக்கு 79.3. அதிலிருந்து ஒவ்வொரு பக்கத்தையும் கழித்தால் 29.3, 27.3, 22.7. நான்கு எண்ணையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் 1200 சதுரடி. கைப்பேசியில் இருக்கும் கால்குலேட்டரே போதும். இரண்டாவதற்கு இதே வழியில் 720. ஆக மொத்தம் 1920. தரகர் சொன்னதில் 80 சதுரடி இல்லாத நிலம்.

உங்கள் மனையில் குறுக்களவு 56.6-தான் வரும் என்று நாங்கள் சொல்லவில்லை. அளந்து வருவதைப் போட்டுப் பாருங்கள். அளவு மாறினால் பரப்பும் மாறும்.

6 × 4 அடி பேனருக்குக் கொடுத்த பணத்தைப் போல இரண்டு மடங்கு கொடுத்தால் 12 × 8 கிடைக்கும் என்று நினைத்தேன். கடைக்காரர் நான்கு மடங்கு கேட்கிறார்.
- குடியாத்தம் வாசகர்

அவர் கேட்டது சரிதான். 24 சதுரடி 96 ஆகிறது. இரு பக்கமும் இரட்டித்தால் பரப்பு நான்கு மடங்கு, மூன்று மடங்காக்கினால் ஒன்பது மடங்கு. இரண்டு மடங்கு பணத்துக்கு, படத்தின் வடிவம் கெடாமல் வேண்டுமானால் ஒவ்வொரு பக்கத்தையும் 1.414-ஆல் பெருக்குங்கள்: ஏறக்குறைய 8½ × 5⅔ அடி.

அணைக்கட்டு பக்கம் ஒரே விலையில் இரண்டு நிலம் வருகிறது. இரண்டும் ஒரு ஏக்கர். ஒன்று சதுரம் மாதிரி, மற்றது 66-க்கு 660 அடி நீளவாட்டில். எதை எடுக்கலாம்?
- அணைக்கட்டு விவசாயி

ஒரு ஏக்கர் 43,560 சதுரடி. இரண்டிலும் அது சரியாகவே இருக்கும். (66 அடி என்பது பழைய சர்வே சங்கிலி ஒன்றின் நீளம். ஒரு சங்கிலி அகலம், பத்துச் சங்கிலி நீளம் சேர்ந்ததே ஏக்கர்.) ஆனால் அதன் பிறகு நீங்கள் செய்யும் செலவு பரப்பைப் பார்த்து வராது, சுற்றளவைப் பார்த்து வரும்.

சதுரமானால் பக்கம் 208.7 அடி, சுற்றளவு 835 அடி. நீளவாட்டு நிலத்துக்குச் சுற்றளவு 1452 அடி. பத்து அடிக்கு ஒரு கல்தூண் நட்டால் அங்கே 84, இங்கே 146. ஐந்து வரிசை முள்கம்பி இழுத்தால் அங்கே 4175 அடி, இங்கே 7260 அடி. எல்லைக்கு உள்ளே சுற்றிலும் 2 அடி வரப்பு விட்டால் சதுரத்தில் 3.8 சென்ட் போகும், நீளவாட்டில் 6.6 சென்ட் போகும். ஒரே ஏக்கரில் பயிர் வைக்கும் இடமே ஏறக்குறைய 3 சென்ட் வித்தியாசப்படுகிறது.

வரப்புத் தகராறு இன்னும் பெரிய விஷயம். பக்கத்து நிலத்துக்காரர் ஒவ்வொரு உழவுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டி, வரப்பு ஓர் அடி நகர்ந்துவிட்டது என்று வையுங்கள். 660 அடிப் பக்கத்தில் நகர்ந்தால் ஒன்றரை சென்ட் போயிற்று. 208 அடிப் பக்கத்தில் நகர்ந்தால் அரை சென்ட்டுக்கும் குறைவு. நீளவாட்டு நிலத்தை வாங்கினால் நான்கு மூலையில் மட்டும் கல் நட்டுவிட்டு இருக்காதீர்கள். நீளப் பக்கத்தில் இடையிலும் கல் இருக்க வேண்டும். இரண்டு மூலைக்கல் நடுவே 660 அடிக்குக் கயிறு கட்டினால் நேராக நிற்காது.

நீளவாட்டு நிலத்துக்கு நல்ல பக்கமும் உண்டு. டிராக்டர் திரும்பும் தடவை குறைவு. 660 அடிப் பக்கம் சாலையைப் பார்த்திருந்தால் பின்னால் பிரித்து விற்கவும் வசதி. அப்படியானால் கூடுதல் வேலிச் செலவு தகும். 66 அடிதான் சாலையைப் பார்க்கிறது என்றால், விலையைக் குறைக்கச் சொல்லிக் கேளுங்கள்.

வேலி பற்றிய பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறோம். ஆட்டுப்பட்டிக்கு 60 அடி வலை வாங்கி நான்கு பக்கமும் அடைத்தால் அதிகபட்சம் 15 × 15 = 225 சதுரடி. ஏற்கெனவே இருக்கும் ஒரு மதிலை ஒட்டி மூன்று பக்கம் மட்டும் அடைத்தால் 15 + 30 + 15; பரப்பு 450. சுவரை ஒட்டிய நீளம், அகலத்தைப் போல இரண்டு மடங்கு இருக்கும்போதுதான் இது அதிகபட்சம். 20 + 20 + 20 என்று அடைத்தால் 400-தான் கிடைக்கும்.

10 × 12 அறையை 12 × 14 ஆக்கினோம். ஒவ்வொரு பக்கமும் 2 அடிதான் கூடியது. முதலில் 8 பெட்டி டைல்ஸ் என்றிருந்த மேஸ்திரி இப்போது 14 கேட்கிறார். ஏமாற்றுகிறாரா?
- ஆற்காடு வாசகி

ஏமாற்றவில்லை. ஆனால் 12 பெட்டியில் முடித்திருக்கலாம்.

பரப்பு 120-லிருந்து 168 ஆகிவிட்டது. 40 சதவீதம் கூடுதல். கடையில் '2-க்கு 2' என்று சொல்லும் டைல்ஸ் உண்மையில் 60 சென்டிமீட்டர். ஒன்றின் பரப்பு 4 சதுரடி இல்லை, 3.87. நான்கு உள்ள பெட்டி 16 சதுரடி இல்லை, 15½. பில்லில் 16 என்று போட்டால் கேளுங்கள். 168-ஓடு சேதாரம் 5 சதவீதம் சேர்த்து 15½-ஆல் வகுத்தால் 12 பெட்டிக்குள் வரும்.

பிறகு 14 ஏன்? பரப்பு சரியாக வந்தாலும் டைல்ஸ் அறைக்குள் பொருந்த வேண்டுமே. 12 அடி என்பது 3658 மில்லிமீட்டர். ஆறு டைல்ஸும் 2 மில்லிமீட்டர் இடைவெளிகளும் சேர்ந்து 3612. மிச்சம் 46. அதேபோல 14 அடி 4267 மில்லிமீட்டர். ஏழு டைல்ஸுக்குப் பிறகு மிச்சம் 53. இரண்டு சுவரோரமும் நாலைந்து சென்டிமீட்டர் கீற்று ஒட்ட வேண்டும். அவ்வளவு மெல்லிய கீற்று வெட்டும்போதே உடையும். ஒட்டினாலும் அடியில் கலவை சரியாகப் பிடிக்காமல் பொள்ளலாக நிற்கும். பார்க்கவும் அசிங்கம். அதனால் நல்ல மேஸ்திரி பாதி டைல்ஸ் தள்ளி ஆரம்பித்து, இரண்டு ஓரத்திலும் 32 சென்டிமீட்டர் துண்டு வரும்படி அமைப்பார். 60 சென்டிமீட்டர் டைல்ஸில் 32 ஒன்றுதான் கிடைக்கும். எனவே 7 × 8 = 56 டைல்ஸ், 14 பெட்டி. மிஞ்சும் 28 சென்டிமீட்டர் துண்டுகளிலிருந்து 4 அங்குல ஸ்கர்ட்டிங் (சுவர் அடியில் ஒட்டும் டைல்ஸ் பட்டை) முழுவதும் வெட்டிக்கொள்ளலாம். உடைவதற்கென்று ஒன்றும் மிஞ்சாது. இன்னொரு பெட்டி கேட்டாலும் நியாயம்தான்.

அறை பூச்சு முடியாமல் இருக்கும் வீட்டுக்காரர்கள் கவனிக்க: பூச்சு போக உள்ளளவை 11 அடி 10½ அங்குலம், 13 அடி 10¼ அங்குலம் என்று வைத்தால் ஆறும் ஏழும் முழு டைல்ஸாகவே உட்காரும், சுவரோரம் 5 மில்லிமீட்டர் இடைவெளியை ஸ்கர்ட்டிங் மறைத்துவிடும். 42 டைல்ஸ், ஸ்கர்ட்டிங்குக்கு 5, மொத்தம் 12 பெட்டி. ஒன்றரை, ஒன்றேமுக்கால் அங்குலம் குறைத்ததில் இரண்டு பெட்டி மிச்சம்.

தோல் ஈரம் பட்டு உலர்ந்ததும் நீளவாக்கில் 3, அகலவாக்கில் 2 சதவீதம் சுருங்குகிறது. 100 சதுரடி வேண்டுமென்றால் 105 எடுத்தால் போதுமா?
- ஆம்பூர் வாசகர்

கொஞ்சம் குறையும். மிஞ்சுவது 0.97 × 0.98 = 0.9506 பங்கு. 105-ல் 99.8 சதுரடிதான் தேறும். கூட்டிப் பார்க்காமல் வகுத்துப் பாருங்கள்: 100 ÷ 0.9506 = 105.2.

இந்த அளவுக்கு வித்தியாசம் சின்னதாகத் தெரியும். இரண்டு வாக்கிலும் 10 சதவீதம் சுருங்கும் சரக்கில் மிஞ்சுவது 0.81 பங்கு. '19 சதவீதம் சுருங்குகிறது, 19 கூட்டுவோம்' என்று 119 எடுத்தால் கடைசியில் 96.4-தான் இருக்கும். எடுக்க வேண்டியது 123½.

தோல் செவ்வகம் இல்லையே என்று தயங்க வேண்டாம். எந்த வடிவத்தையும் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்தால் ஒவ்வொரு கட்டமும் இதே விகிதத்தில்தான் சுருங்கும். ஆனால் முதுகுப் பக்கமும் வயிற்றுப் பக்கமும் ஒரே மாதிரி சுருங்காது. மூன்று இடத்தில் 20 × 20 சென்டிமீட்டர் கட்டம் போட்டு, உலர்ந்த பிறகு மூன்றையும் தனித்தனியாக அளந்து சராசரி எடுங்கள்.

முள்ளுக்கத்தரிக்கு 60 × 60 சென்டிமீட்டரில் நடுவேன். களை எடுக்க வசதியாக வரிசைக்கு வரிசை 90 ஆக்கினால் ஏக்கருக்கு எத்தனை நாற்று குறையும்?
- இலவம்பாடி விவசாயி

ஏக்கர் 4047 சதுர மீட்டர். ஒரு செடிக்கு 0.6 × 0.6 = 0.36 சதுர மீட்டர் என்றால் 11,241 நாற்று. 0.9 × 0.6 = 0.54 என்றால் 7,494. இடைவெளியைப் பாதி கூட்டினீர்கள், நாற்று மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. வரிசையை 90 ஆக்கி, செடிக்குச் செடி 40 ஆக்கினால் எண்ணிக்கை பழையபடியே 11,241. ஆனால் 40-ல் செடிகள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். முள்ளுக்கு நடுவே காய் பறிப்பது சிரமம். வரப்பு, வாய்க்காலுக்குப் போகும் இடத்தை முதலில் கழித்துவிட்டு, பட்டுப்போன இடத்தில் மறுபடி நடவும் கொஞ்சம் சேர்த்து நாற்று சொல்லுங்கள்.

வேலூர்க் கோட்டை 133 ஏக்கர் என்று படித்தேன். இதை வைத்து அதன் சுற்றளவைக் கண்டுபிடிக்கலாமா?
- ஒன்பதாம் வகுப்பு மாணவி, வேலூர்

முடியாதும்மா. ஆனால் நல்ல கேள்வி. 133 ஏக்கர் 57,93,480 சதுரடி. அது சதுரமாக இருந்தால் பக்கம் சுமார் 2407 அடி, சுற்றளவு 2.9 கிலோமீட்டர். அதே பரப்பு 1000 அடி அகலச் செவ்வகமாக இருந்தால் சுற்றளவு 4.1 கிலோமீட்டர். வட்டமாக இருந்தால் 2.6 கிலோமீட்டர் போதும்; அதற்குக் கீழே எந்த வடிவமும் போகாது. கோட்டையோ இவற்றில் எதுவும் இல்லை. கொத்தளங்கள் வெளியே துருத்திக்கொண்டும் மதில் உள்ளே வளைந்துகொண்டும் போகின்றன. ஒவ்வொரு வளைவும் சுற்றளவைக் கூட்டும், பரப்பைக் கொஞ்சம்தான் மாற்றும். சுற்றளவு தெரிய வேண்டுமென்றால் அகழிக் கரையோரமாக டேப் போட்டு அளக்கலாம். இல்லையென்றால் அளவுத்திட்டம் உள்ள வரைபடத்தில் மதில் கோட்டின் மேல் நூலை வளைத்து வைத்துப் பார்க்கலாம்.